காட்டாமல் சொன்ன சரிதை: ‘அர்ரிஸாலா’ திரைப்படம் உருவான வரலாறு

பெருமானார் (ஸல்) அவர்களின் திருவாழ்வு முதலில் நாவால் சொல்லப்பட்டது. பின்னர் ஏட்டில் எழுதப்பட்டது. அதற்கும் பின்னர் பாவலர்களால் காப்பியமாகப் பாடப்பட்டது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் இப்னு இஸ்ஹாக் தொகுத்த சரிதையை இப்னு ஹிஷாம் செப்பனிட்டுத் தந்தார். நம் தமிழகத்தில் உமறுப் புலவர் அவ்வரலாற்றைச் சீறாப்புராணமாக வடித்தார். சரிதை புதியதொரு கலத்தில் வார்க்கப்பட்ட ஒவ்வொரு காலத்திலும், ‘இக்கலம் தூயதுதானா? வார்ப்பவர் நோக்கம் செம்மையானதுதானா?’ என்று ஆலிம்கள் வினவியே வந்துள்ளனர். வினவுவது அவர்தம் கடமை. தக்க விடை தருவது வார்ப்பவர் கடமை.

இருபதாம் நூற்றாண்டு தந்த புதிய கலம் திரைப்படம். எழுத்தறியாதவரும் அதனைக் கண்டு பொருள் உணரலாம். கடல்கடந்த நாட்டாரும் கண்டு உள்ளம் உருகலாம். ஆயினும் ஏட்டுக்கு இல்லாத ஓர் இடர் அதற்கு உண்டு. ‘பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள்’ என்று ஏட்டில் எழுதிவிடலாம். திரையிலோ எழுந்து நிற்க ஓர் உருவம் வேண்டும். அந்த உருவத்தைத்தான் நம் மார்க்க மரபு அனுமதிப்பதில்லை. அண்ணலாரைக் காட்டாமல், அவர்கள் குரலைக் கேட்பிக்காமல், அவர்கள் வரலாற்றைத் திரைக்கு எழுத இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண முயன்ற ஒருவர் பட்ட பாட்டையும் பெற்ற பேற்றையும் இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

கெய்ரோவில் எழுந்த முதல் அலை

இவ்வினா முதன்முதலில் பெரிதாக எழுந்தது 1926இல். எகிப்திய நாடக மேடையில் அந்நாளில் புகழோடு விளங்கிய யூசுஃப் வஹ்பீ என்பாரை ஒரு படக்கம்பெனி அணுகியது. துருக்கிய, ஜெர்மானிய முதலீட்டில் பெருமானார் (ஸல்) அவர்களைப் பற்றி ஒரு படம் எடுக்கவிருப்பதாகவும், அதில் அவரே பெருமானாராக வேடமேற்க வேண்டுமென்றும் அக்கம்பெனி கேட்டது. வஹ்பீ இசைந்தார். செய்தி பத்திரிகைகளில் வெளிவந்ததும் நாடே கொதித்தது. ஜாமிஉல் அஸ்ஹரின் ஆலிம்கள் அம்முயற்சி கூடாதெனத் தீர்ப்பளித்தனர். மன்னர் ஃபுஆத், வஹ்பீ அவ்வேடத்தை ஏற்றால் குடியுரிமை பறிக்கப்பட்டு நாடு கடத்தப்படுவார் என எச்சரித்தார். வஹ்பீ பின்வாங்கினார், படம் கருவிலேயே கலைந்தது.

அந்நிகழ்ச்சி அரபுத் திரையுலகுக்கு ஓர் எல்லைக்கல்லாக அமைந்தது. அதற்குப் பின்வந்த எகிப்தியப் படைப்பாளிகள் அவ்வெல்லைக்குள் நின்றே வழி தேடினர். தாஹா ஹுஸைன் எழுதிய நூலொன்றைத் தழுவி 1951இல் ‘ளுஹூருல் இஸ்லாம்’ வெளிவந்தது. 1971இல் ஸலாஹ் அபூ ஸைஃப் ‘ஃபஜ்ருல் இஸ்லாம்’ எடுத்தார். 1972இல் ‘அஷ்ஷைமா’ வந்தது. பெருமானாரை விட்டு விலகி, அக்காலத்து மக்களின் குடும்பங்களை மையமாக வைத்துக் கதை சொல்வதே இப்படங்களின் உத்தி. மரபு காக்கப்பட்டது. ஆனால் சரிதையின் நடுநாயகமான நிகழ்ச்சிகள் தொலைவில் நின்றன. அரபு மொழி அறியாத மேலை நாட்டாரிடம் இப்படங்கள் சென்று சேரவும் இல்லை.

ஹலப் நகரத்து இளைஞர்

இந்த இரு குறைகளையும் நீக்க முனைந்தவர் முஸ்தஃபா அக்காத். சிரியாவின் பழம்பெரும் நகராகிய ஹலபில் 1930இல் பிறந்தவர். படக்கலை கற்க வேண்டுமென்னும் வேட்கையோடு அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். விமான நிலையத்தில் வழியனுப்ப வந்த தந்தையார் அவர் கையில் 200 டாலரையும் திருக்குர்ஆன் பிரதி ஒன்றையும் கொடுத்தனுப்பினாராம். இதனைப் பின்னாளில் அக்காதே பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அமெரிக்கப் பெண்மணியை மணந்து அந்நாட்டிலேயே வாழ்ந்தார்.

மேலை நாட்டில் முஸ்லிமாக வாழ்ந்த அவரை ஓர் எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. கோடிக்கணக்கான மக்கள் பின்பற்றும் ஒரு மார்க்கத்தைப் பற்றி அண்டை வீட்டாருக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரிந்ததும் திரிந்த செய்தியாகவே இருந்தது. அவர்களுக்குத் தெரிந்த ஊடகம் திரைப்படம். ஆகவே அவர்கள் மொழியில், அவர்கள் அறிந்த நடிகர்களைக் கொண்டு, அவர்கள் வியக்கும் தரத்தில் பெருமானாரின் செய்தியைச் சொல்ல வேண்டும் எனத் துணிந்தார். படத்துக்கு ‘அர்ரிஸாலா’, அதாவது ‘தூதுச் செய்தி’ என்னும் பெயர் நிலைபெற்றது. தூதரைக் காட்ட இயலாது. தூதைக் காட்டலாம் என்னும் கருத்து அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

பேசாத நாயகருக்கு எழுதுவது எப்படி?

திரைக்கதை எழுதும் பொறுப்பு ஹாரி கிரெய்க் என்னும் ஐரிஷ் எழுத்தாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் முஸ்லிம் அல்லர். ஆதலின் அவருக்குத் துணையாக அரபுலகின் தேர்ந்த பேனாக்கள் அமர்த்தப்பட்டன. தவ்ஃபீக்குல் ஹகீம் 1936இலேயே பெருமானாரின் வாழ்வை உரையாடல் வடிவில் ஒரு நூலாக எழுதியவர். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பெருமானாரை இழித்து எழுதிய நாடகம் அவர் உள்ளத்தைப் புண்படுத்தியிருந்தது. அப்துர் ரஹ்மான் அஷ்ஷர்காவீ 1962இல் பெருமானாரை விடுதலையின் தூதராகக் காட்டும் நூல் எழுதியவர். அப்துல் ஹமீத் ஜூதா அஸ்ஸஹ்ஹார் பல தொகுதிகளில் சரிதை எழுதியவர். ‘ஃபஜ்ருல் இஸ்லாம்’ படத்துக்கும் எழுதியவர். முஹம்மத் அலீ மாஹிர் என்பாரும் உடனிருந்தார்.

இக்குழுவின் முன்னிருந்த சிக்கலைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். திரைக்கதையின் உயிர் உரையாடல். ஒருவர் கேட்க, மற்றவர் விடையிறுக்க, காட்சி நகரும். இங்கோ ஒவ்வொரு காட்சியிலும் தலையாய இடம் வகிப்பவர் தோன்றவும் மாட்டார்; பேசவும் மாட்டார். கேள்வி இருக்கும், விடை இராது. எதிரில் நிற்போர் முகம் தெரியும், அவர்கள் யாரை நோக்குகின்றார்களோ அந்தத் திருமுகம் தெரியாது.

இதற்கு அவர்கள் கண்ட வழிகள் மூன்று. முதலாவது, படமெடுக்கும் கருவியையே பெருமானார் இருக்கும் இடத்தில் வைத்தனர். எதிரில் நிற்போர் கருவியை நோக்கிப் பேசுவர், பணிவோடு செவிமடுப்பர், கேட்டதை வாய்விட்டுத் திரும்பச் சொல்வர். இரண்டாவது, பெருமானாரின் அண்மையை அடையாளங்களால் உணர்த்தினர். அவர்கள் ஊர்ந்த கஸ்வா ஒட்டகம் வரும், கைக்கோல் தெரியும், மக்கள் விலகி வழிவிடுவர். மூன்றாவது, பெருமானாரின் சிறிய தந்தையாராகிய ஹளரத் ஹம்ஸா (ரலி) அவர்களையும், வளர்ப்பு மைந்தராக இருந்த ஹளரத் ஸைத் (ரலி) அவர்களையும் முன்னிறுத்தி, அவர்கள் வாயிலாகச் செய்தியைச் சொல்லவைத்தனர்.

பெருமானாரோடு நின்றுவிடவில்லை அவ்வெல்லை. உம்முல் முஃமினீன்கள் காட்டப்படவில்லை. திருமகளார் காட்டப்படவில்லை. நான்கு கலீஃபாக்களும் தோன்றவில்லை. பத்ருக் களத்தில் இருதரப்பிலும் மும்மூவர் முன்வந்து பொருத வேண்டிய இடத்தில் ஹளரத் அலீ (ரலி) அவர்களை எவ்வாறு தவிர்ப்பது? இருமுனை கொண்ட துல்ஃபிகார் வாள் மட்டும் திரையில் சுழன்றது. வாளைக் கண்டவர் வீரரை உணர்ந்துகொண்டனர்.

இம்முறையால் கலைக்கு நேர்ந்த இழப்பையும் மறைக்க வேண்டியதில்லை. கருவியை நோக்கி ஒருவர் பேசி, விடைக்குக் காத்து நிற்கும் இடங்களில் காட்சி தளர்கின்றது. உஹதுக் களத்தில் ஹளரத் ஹம்ஸா (ரலி) அவர்கள் ஷஹீதான பின் படத்தைத் தாங்கி நிற்க வேறொரு பாத்திரம் இல்லாமற் போகின்றது. எனினும் ஹதீஸ் கலை பயின்றோருக்கு இவ்விடத்தில் ஓர் உண்மை புலப்படாமற் போகாது. பெருமானார் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் கூறுவோருக்கு எத்துணைக் கடுமையான எச்சரிக்கை உண்டென்பதை நாம் அறிவோம். ஒரு சொல்லை அவர்கள்மீது ஏற்றிச் சொல்ல அஞ்சி முஹத்திஸ்கள் மாதக்கணக்கில் பயணம் செய்து அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தார்கள். திரைக்கதை எழுதுவோனோ காட்சிக்கு ஏற்ப உரையாடலைப் புனைந்தாக வேண்டியவன். பெருமானாருக்குப் பேசும் பாத்திரம் தரப்பட்டிருந்தால், அவன் பேனா பக்கத்துக்குப் பக்கம் புனைசொற்களை அவர்கள் திருவாயில் ஏற்றியிருக்கும். குரல் கூடாதென்ற தடை அவனை அப்பெரும் பிழையிலிருந்து காத்தது. கலைஞனுக்கு விலங்கெனத் தோன்றிய எல்லை, அவனுக்கு அரணாகவே அமைந்தது.

ஆலிம்களின் மேசையில் கையெழுத்துப் பிரதி

எழுதி முடித்த பிரதியை அக்காத் கெய்ரோவுக்குக் கொண்டு சென்றார். அஸ்ஹரின் அறிஞர்கள் அதனை ஆராய்ந்து இசைவளித்தனர். லெபனானின் ஷியா உயர் மன்றமும் இசைவளித்தது. இவ்விரு இசைவுகளும் படத்தின் தொடக்கத்தில் எழுத்தில் காட்டப்படுகின்றன; பெருமானாரின் திருவுருவம் காட்டப்படாது என்னும் அறிவிப்பும் உடன் வருகின்றது. ஸுன்னத் வல்ஜமாஅத்தின் பழம்பெரும் கல்விக்கூடமும் ஷியாக்களின் மன்றமும் ஒரே எழுத்துப் பிரதிக்கு இசைந்தது எளிதில் நிகழக்கூடிய காரியமன்று.

ஆனால் மக்காவிலிருந்த ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமீ இசையவில்லை. அதன் நிலைக்கும் காரணம் உண்டு. ஸஹாபாக்கள் பெருமானாரின் பார்வையால் பண்பட்டவர்கள். நேற்று குடியனாகவும் நாளை கொலைகாரனாகவும் நடிக்கும் ஒருவன் இன்று ஹளரத் ஹம்ஸாவாகத் தோன்றலாமா என்பது அவர்களின் வினா. இதனைப் பழமைவாதம் என ஒதுக்கிவிட முடியாது. நடிகனின் முகமே பின்னர் ஸஹாபியின் முகமாக மக்கள் உள்ளத்தில் பதிந்துவிடுமென்னும் அச்சமும் நியாயமானதே. இன்றளவும் ஆலிம்கள் பலர் இக்கருத்தினரே. அஸ்ஹரும் பின்னர்த் தன் இசைவை விலக்கிக்கொண்டது. எகிப்தில் படம் தடைசெய்யப்பட்டது. இசைவின்மேல் கோடிக்கணக்கில் பணம் இறைத்துவிட்ட ஒரு தயாரிப்பாளருக்கு இது எத்தகைய இடி என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு காட்சி, இரு மொழி

அக்காத் ஒரு படம் எடுக்கவில்லை. ஒரே சமயத்தில் இரு படங்கள் எடுத்தார். ஆங்கிலத்தில் எடுத்து அரபியில் குரல் மாற்றிச் சேர்ப்பதே வழக்கமான சிக்கன முறை. அரபு நடிப்பின் இயல்பு வேறு, ஆங்கில நடிப்பின் இயல்பு வேறு என்று கண்ட அவர் அதற்கு உடன்படவில்லை. ஒவ்வொரு காட்சியும் ஒரே அரங்கில் முதலில் ஒரு நடிகர் குழுவாலும், அடுத்து மற்றொரு குழுவாலும் நடிக்கப்பட்டது. ஆங்கிலப் படத்தில் ஹளரத் ஹம்ஸாவாக ஆந்தனி குவின் தோன்றினார். அரபுப் படத்தில் எகிப்தின் அப்துல்லாஹ் கைஸ் தோன்றினார். ஹிந்தாவாக ஆங்கிலத்தில் கிரேக்க நடிகை ஐரீன் பாப்பாஸும், அரபியில் சிரிய நடிகை முனா வாஸிஃபும் நடித்தனர். இசை மொரீஸ் ஜார். ஒளிப்பதிவு ஜாக் ஹில்ட்யார்ட். இருவரும் ஆஸ்கார் விருது பெற்றவர்கள்.

இதன் பொருள் யாது? இருமடங்கு நடிகர், இருமடங்கு ஒத்திகை, இருமடங்கு பிலிம் சுருள், இருமடங்கு நாட்கள். வெயிலில் நிற்கும் ஒட்டகங்களும் குதிரைகளும் மட்டுமே பொது. செலவு ஒரு கோடி டாலரை எட்டியது. அந்நாளில் அது மிகப் பெருந்தொகை.

மொராக்கோவிலிருந்து லிபியாவுக்கு

லிபியாவும் குவைத்தும் மொராக்கோவும் தொடக்கத்தில் பண உதவிக்கு முன்வந்தன. 1974இல் மொராக்கோவில் மர்ராக்கிஷ் நகரருகே படப்பிடிப்புத் தொடங்கியது. கஅபத்துல்லாஹ்வின் மாதிரியும் அதனைச் சூழ்ந்த பண்டைய மக்காவின் வீதிகளும் அங்கே எழுப்பப்பட்டன. இதுவே எதிர்ப்பாளர்களுக்குப் பெருங்காரணமாயிற்று. இறையில்லத்தின் மாதிரியைக் கூத்துக்காகக் கட்டுவதா என்னும் குரல் எழுந்தது. சவூதி அரசின் நெருக்குதல் வளர வளர, குவைத் விலகியது. ஏறத்தாழ ஆறு திங்கள் பணி நடந்த பின் மொராக்கோ மன்னர் ஹஸனும் படப்பிடிப்பை நிறுத்தும்படி சொல்ல வேண்டியவரானார்.

பாதி முடிந்த படம், கட்டிய நகரம், இரு மொழி நடிகர்கள், நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், கடன். இவை அனைத்தையும் கையில் வைத்துக்கொண்டு போக்கிடமின்றி நின்றார் அக்காத். பெருமானாரும் தோழர்களும் மக்காவை விட்டு வெளியேறிய ஹிஜ்ரத்தைப் படமாக்க வந்த குழு, தானே மூட்டை கட்ட நேர்ந்தது. இறுதியில் லிபியாவின் முஅம்மர் கடாஃபி இடமும் பணமும் அளித்தார். எஞ்சிய பகுதி அங்கே எடுத்து முடிக்கப்பட்டது. அரசு ஒன்றின் தயவால் எழும் கலை, அவ்வரசின் நட்பு பகையையும் சேர்த்தே சுமக்க நேரும். இதன் விளைவை அக்காத் பின்னர் அனுபவித்தார்.

காணாமலே கூறிய தீர்ப்பு

1976 ஜூலையில் லண்டனில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பெருமானாரின் பெயரைத் தாங்கிய தலைப்பே முதலில் வைக்கப்பட்டிருந்தது. தொலைபேசியில் மிரட்டல்கள் வரவே, இறுதி நேரத்தில் ‘தூதுச் செய்தி’ எனப் பெயர் மாற்றப்பட்டது. இதற்கிடையில் ஒரு வதந்தி நாடெங்கும் பரவியது. ஆந்தனி குவின் பெருமானாராகவே நடித்துள்ளார் என்பதே அது. படத்தைக் கண்ட எவரும் இதனைச் சொல்லியிருக்க முடியாது. ஆயினும் காணாதவர்கள் சொன்னார்கள், காணாதவர்கள் நம்பினார்கள்.

1977 மார்ச் 9ஆம் நாள் படம் அமெரிக்காவில் வெளியாகவிருந்தது. அன்று வாஷிங்டன் நகரில் ஹமாஸ் அப்துல் காலிஸ் என்பாரின் தலைமையில் துப்பாக்கி ஏந்திய பன்னிருவர் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றினர். ஒன்று யூதர் அமைப்பொன்றின் தலைமையகம். மற்றொன்று மாவட்ட ஆட்சி மனை. மூன்றாவது வாஷிங்டனின் இஸ்லாமிய மையம், அதாவது ஓர் அல்லாஹ்வின் இல்லம். 149 பேர் பிணையாகப் பிடிக்கப்பட்டனர். வானொலிச் செய்தியாளரான ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். பலர் காயமுற்றனர்.

காலிஸின் உள்ளத்தில் மற்றொரு காயம் இருந்தது. 1973இல் அவர்தம் வீட்டில் புகுந்த கொலைஞர்கள் அவருடைய பிள்ளைகளையும் பேரக் குழந்தையையும் கொன்றிருந்தனர். கொலையாளிகளைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டுமென்பது அவரது தலையாய கோரிக்கை. படத்தை நிறுத்த வேண்டுமென்பது மற்றொன்று. அப்படத்தை அவர் பார்த்தவரல்லர். அரங்குகளில் காட்சி நிறுத்தப்பட்டது. எகிப்து, பாகிஸ்தான், ஈரான் நாடுகளின் தூதர்கள் மூவர் அவரோடு பேசினர். திருமறை வசனங்களை ஓதிக்காட்டிக் கருணையை நினைவூட்டினர். 39 மணி நேரத்துக்குப் பின் முற்றுகை தளர்ந்தது. எஞ்சிய பிணையாளர்கள் விடுவிக்கப்பட்டனர். படக்காட்சி மீண்டும் தொடங்கிற்று.

வந்த செய்தியைத் தீர விசாரித்து அறியும்படி திருமறை நமக்குக் கட்டளையிட்டுள்ளது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேருமென்றும் எச்சரித்துள்ளது. பெருமானாரின் கண்ணியத்தைக் காப்பதாக எழுந்த கை, அவர்கள் கொண்டுவந்த இக்கட்டளையை மறந்தது. அன்று மாண்ட இளைஞரின் குடும்பத்துக்கு இஸ்லாம் என்னும் பெயர் எவ்வாறு அறிமுகமாகியிருக்கும்? எந்த அறியாமையைப் போக்கப் படம் எடுக்கப்பட்டதோ, அந்த அறியாமையே மேலும் தடித்தது.

பெற்றதும் இழந்ததும்

அமெரிக்க அரங்குகளில் படம் போட்ட பணத்துக்கேற்ற வெற்றி பெறவில்லை. மொரீஸ் ஜாரின் இசை ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, விருது கிட்டவில்லை. அவ்வளவில் கணக்கை முடித்துவிட்டால் இது தோல்விக் கதையே. ஆனால் சில கலைகளின் கணக்கு முதல் ஆண்டில் முடிவதில்லை.

வீடியோ கேசட் வந்தது. அதன் பின் தொலைக்காட்சி வளர்ந்தது. அரங்குக்குச் செல்லத் தயங்கிய முஸ்லிம் குடும்பங்கள் வீட்டிலமர்ந்து அப்படத்தைக் கண்டன. துருக்கியில் ரமளான் மாதங்களில் தொலைக்காட்சியில் அது மீண்டும் மீண்டும் ஒளிபரப்பப்பட்டது. மேலை நாடுகளில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் சிறுவர் பலருக்கு நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஹளரத் ஜஅஃபர் (ரலி) அவர்கள் நின்று பேசிய வரலாறும், கஅபாவின்மீது நின்று ஹளரத் பிலால் (ரலி) அவர்கள் பாங்கொலித்த வரலாறும் முதன்முதலில் அப்படத்தின் வழியே கிடைத்தன. திரைக்கதை எழுதிய ஹாரி கிரெய்க் ஹளரத் பிலாலின் வரலாற்றைத் தனியொரு நூலாகவே எழுதி 1977இல் வெளியிட்டார். கூலிக்கு எழுத வந்தவரின் உள்ளத்தை அக்கறுப்பு முஅத்தினின் வாழ்வு தொட்டிருந்தது என்றே நாம் கருதுகின்றோம்.

அக்காத் அடுத்து எடுத்தது லிபியாவின் விடுதலை வீரரும் குர்ஆன் ஆசிரியருமான உமர் முக்தார் அவர்களின் வரலாறு. இத்தாலியர் அம்முதியவரை 1931இல் தூக்கிலிட்டனர். 1981இல் ‘பாலைவனச் சிங்கம்’ என்னும் பெயரில் வெளிவந்த அப்படத்துக்கு லிபிய அரசு மூன்றரைக் கோடி டாலர் செலவிட்டது. வசூலோ அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. கடாஃபியின் பணம் என்னும் பேச்சே அதற்குப் பெருந்தடையாயிற்று. இத்தாலி 1982இல் அதனைத் தடைசெய்தது. 2009இல்தான் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டது.

அக்காதுக்குப் பொருள் ஈட்டித் தந்தது எது தெரியுமா? 1978இல் மூன்று இலட்சம் டாலரளவு முதலிட்டு அவர் தயாரித்த ‘ஹாலோவீன்’ என்னும் பேய்ப்படம்! முகமூடியணிந்த கொலைகாரன் ஒருவனின் கதை அது. பல மடங்கு வசூலித்து, தொடர்ந்து பல பாகங்கள் வந்தன. பெருமானாரின் செய்தியைச் சொல்ல ஒரு கோடியைத் திரட்ட அரசுகளின் வாயிலில் நின்றவருக்கு, அச்சத்தை விற்றபோது பணம் தானே தேடி வந்தது. உலகம் எதனை விரும்பி வாங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஸுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களின் வரலாற்றைப் படமாக்க வேண்டுமென்னும் ஆசை அவர்தம் இறுதிநாள்வரை இருந்தது. அதற்குப் பணம் கூடிவரவில்லை.

2005 நவம்பர் 9ஆம் நாள் ஜோர்டானின் அம்மான் நகரில் மூன்று விடுதிகளில் குண்டுகள் வெடித்தன. ஏறத்தாழ 60 பேர் மாண்டனர். திருமணத்துக்காக வந்திருந்த அக்காதின் மகளார் அங்கேயே உயிரிழந்தார். அக்காத் இரு நாட்களுக்குப் பின் மறைந்தார். குண்டு வைத்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். இஸ்லாத்தின் மீதிருந்த கறையைத் துடைக்க ஆயுள் முழுதும் முயன்ற ஒருவர், அக்கறையை வளர்ப்போரின் கையாலேயே மாண்டது நெஞ்சை வாட்டும் செய்தியாகும். எல்லாம் வல்ல நாயன் அவர் பிழைகளைப் பொறுத்தருள்வானாக.

நாற்பது ஆண்டுகள் கழிந்த பின் மற்றொன்றும் நிகழ்ந்தது. 2018 ஜூன் திங்களில் ஈதுல் ஃபித்ரையொட்டி, புதுப்பிக்கப்பட்ட ‘அர்ரிஸாலா’ சவூதி அரேபியத் திரையரங்குகளில் காட்டப்பட்டது. எந்நாட்டின் எதிர்ப்பால் படக்குழு மொராக்கோவை விட்டு வெளியேறியதோ, அந்நாட்டிலேயே அது காட்டப்பட்டது. அதனைக் காண அக்காத் இல்லை.

பின்வந்த பயணிகள்

எல்லை எங்கே என்னும் வினா அக்காதோடு முடியவில்லை. 2012 ரமளானில் ஹளரத் உமர் (ரலி) அவர்களின் வரலாறு அரபுத் தொலைக்காட்சியில் தொடராக வந்தது. எழுதியவர் வலீத் ஸைஃப். இயக்கியவர் ஹாதிம் அலீ. ஆலிம்களின் குழுவொன்று எழுத்துப் பிரதியை ஆராய்ந்திருந்தது. ஆயினும் கலீஃபாவின் வேடத்தில் நடிகர் தோன்றினார், அஸ்ஹர் எதிர்த்தது. அக்காத் தாண்டத் துணியாத கோடு அங்கே தாண்டப்பட்டது.

2015இல் ஈரானின் மஜீத் மஜீதி பெருமானாரின் இளமைப் பருவத்தைப் படமாக்கினார். திருமுகம் காட்டப்படவில்லை, ஆனால் உருவம் பின்புறமாகக் காட்டப்பட்டது. அப்படத்துக்கு இசையமைத்தவர் நம் சென்னையைச் சேர்ந்த ஏ. ஆர். ரஹ்மான். மும்பையின் ரஸா அகாடமியின் முயற்சியால் இயக்குநர்மீதும் இசையமைப்பாளர்மீதும் ஃபத்வா வெளியாயிற்று. ரஹ்மான் பகிரங்கக் கடிதமொன்றில் பணிவாக விடையளித்தார். படத்தைத் தாம் இயக்கவோ தயாரிக்கவோ இல்லை, இசை மட்டுமே அமைத்ததாகவும், மறுமையில் இதற்கு ஏன் இசையமைக்கவில்லை என்று இறைவன் வினவினால் என்ன விடை சொல்வது என்னும் எண்ணமே தம்மை இயக்கியதாகவும் அதன் சாரம் அமைந்திருந்தது. அவர் கருத்தை ஏற்பவரும் உளர், மறுப்பவரும் உளர். மறுமையின் வினாவை முன்வைத்துத் தம் தொழிலை எடைபோட்ட அந்த நோக்கும், ஏசாமல் எழுதிய அந்த நடையும் போற்றத்தக்கன.

நமக்குரிய பாடம்

திரைப்படம் கூடுமா, கூடாதா என்னும் ஃபத்வா வழங்க நாம் இங்கே முற்படவில்லை. அது முஃப்திகளின் பணி. வரலாறு காட்டும் பாடம் ஒன்றை மட்டும் வாசகர்முன் வைக்கின்றோம்.

உமறுப் புலவர் சரிதைக்குரிய பொருள் வேண்டி மகான் ஸதகத்துல்லாஹ் அப்பா அவர்களை அணுகியபோது முதலில் அவர்கள் இசையவில்லையென்றும், பின்னர் உரை கிடைக்க வழிசெய்யப்பட்டதென்றும் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. வள்ளல் சீதக்காதியும், அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரும் பொருள் தந்தனர். ஆலிம் அறிவைத் தந்தார்; வள்ளல் பொருளைத் தந்தார்; புலவர் தமிழைத் தந்தார். மூவரும் கூடியதால் நமக்கு ஒரு சீறா கிடைத்தது. அக்காதின் வரலாற்றில் இம்மூவரும் பாதிவழியில் பிரிந்தனர். அறிவு தந்தவர்கள் கையை இழுத்துக்கொண்டனர். பொருள் தந்தவர்கள் அரசியலை உடன் தந்தனர். கலைஞர் தனித்து நின்றார்.

நம் வீட்டுப் பிள்ளைகளிலும் இன்று படக்கலையும் எழுத்தும் பயில்வோர் உளர். கைபேசியிலேயே படமெடுத்து உலகுக்கு அனுப்பும் காலம் இது. அவர்களை மஸ்ஜிதின் வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்பினால் அவர்கள் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை. நம்மைக் கேளாமல் எழுதுவர். அவர்கள் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் படித்து, இது ஆதாரமுள்ளது, இது புனைவு, இது தாண்டக்கூடாத கோடு என்று எடுத்துச்சொல்லும் ஆலிம்கள் ஊருக்கு ஒருவராவது வேண்டும். எழுதுவோரும் கோட்டைக் கண்டு சலிக்க வேண்டியதில்லை. காட்டாமலே உணர்த்துவது எத்துணை வலியது என்பதை ‘அர்ரிஸாலா’ மெய்ப்பித்துவிட்டது. அண்ணலாரின் நிழல்கூடத் திரையில் விழவில்லை. ஆயினும் அவர்கள் கொண்டுவந்த செய்தி கண்டங்கள் கடந்து சென்றது.

பிறர் படைப்பைக் காணுமுன் தீர்ப்புக் கூறாத நிதானத்தையும், பெருமானாரின் கண்ணியத்தில் அணுவளவும் குறைவைக்காத அதபையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன்.